பொழுதுபோக்குப் பூங்காக்கள் முழுநாள் செலவை வாசலுக்கு வெளியிலேயே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா ஏடுகளிலும் பொழுதுபோக்குப் பூங்காக்களின் முழுப்பக்க விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. ராட்டினங்களின் எண்ணிக்கை, அலைக்குளத்தின் படம், நுழைவுக் கட்டணம் ஆகிய மூன்றும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நால்வர் காலையில் உள்ளே சென்று மாலையில் வெளியே வருவதற்குள் மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பது மட்டும் எதிலும் இருக்காது. தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், இத்தகைய பயணங்களுக்கு முன் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம். வெளியூர்ப் பூங்கா என்றால், அந்தக் கணக்கில் நுழைவுக் கட்டணம் மொத்தச் செலவில் பாதியைத் தொடுவதே அரிது. மீதியைக் குறைக்கப் பல வழிகள் இருக்கின்றன. ஆனால் அதற்குத் தேவையான விவரத்தைப் பூங்காக்கள் முன்கூட்டியே தருவதில்லை. இவ்விரண்டையும் குறித்துச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வரியிலிருந்து தொடங்குகிறேன். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டிருந்தது; 2018 ஜனவரி 25 முதல் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இன்றும் அதே விகிதம்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 1,000 ரூபாய் என்றும், அதன் அடியில் பொடி எழுத்தில் 'வரி தனி' என்றும் இருந்தால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்தப் பொடி எழுத்தின் விலை 720 ரூபாய். இணையத்தில் முன்பதிவு செய்யும்போது இதற்கு மேல் வசதிக் கட்டணம் என்று ஒரு தொகை கடைசிப் பக்கத்தில் வந்து சேரும். சில தளங்களில் உணவுச் சீட்டோ நன்கொடையோ நாம் கேட்காமலேயே தேர்வு செய்யப்பட்டு நிற்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், விலையின் ஒரு பகுதியை மறைத்துவைத்துப் பணம் செலுத்தும் கட்டத்தில் காட்டுவதையும், வாங்குபவர் தேர்ந்தெடுக்காத பொருளைப் பட்டியலில் நுழைப்பதையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. எனவே, முன்பதிவின் இறுதிப் பக்கம் வரை சென்று, பணம் கட்டுவதற்கு முன் அங்கே தெரியும் மொத்தத் தொகையைக் குறித்துக்கொண்டு, அதைக் கொண்டுதான் ஒரு பூங்காவை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்து வருவது எந்த நாளில் போவது என்பது. என் கணக்கில் வேறு எந்தச் சிக்கனமும் இதற்கு ஈடாகாது. பெரிய பூங்காக்கள் வார நாட்களுக்கு ஒரு கட்டணமும், சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களுக்கு அதைவிடக் கூடுதலான கட்டணமும் வாங்குகின்றன. கட்டண வேறுபாடுகூடப் பெரிதில்லை. கூட்ட நாளில் ஒரு ராட்டினத்துக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றால், கொடுத்த பணத்துக்கு நான்கைந்தில்தான் ஏற முடியும். பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்க்கும் பெற்றோர், வரிசையைத் தாண்டிச் செல்லும் 'ஃபாஸ்ட் டிராக்' சீட்டுக்குக் கூடுதல் தொகை கொடுத்து மாற்றிக்கொள்கிறார்கள். நாளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொகையை முழுவதுமாகத் தவிர்க்கலாம்.

நம்மவர்களில் பெரும்பாலோர் நம் பள்ளி விடுமுறையை மட்டுமே பார்த்து நாள் குறிக்கிறார்கள். போகும் மாநிலத்தின் விடுமுறையைப் பார்ப்பதில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்து செப்டம்பர் இறுதியில் கிடைக்கும் விடுமுறையில் பெங்களூரு அருகே பிடதியில் உள்ள பூங்காவுக்குச் செல்வதும் கொச்சியில் உள்ள பூங்காவுக்குச் செல்வதும் ஒன்றல்ல. தசரா முன்கூட்டியே வரும் ஆண்டுகளில் கர்நாடகத்தில் அப்போது தசரா விடுமுறை நடந்துகொண்டிருக்கும். கேரளத்தில் பெரும்பாலும் ஓண விடுமுறை முடிந்து, சரஸ்வதி பூஜை நாட்கள் நீங்கலாகப் பள்ளிகள் இயங்கிக்கொண்டிருக்கும். அதுபோலவே, கேரளத்தில் ஏப்ரல், மே இரண்டும் கோடை விடுமுறை. ஜூன் பிறந்ததும் பள்ளிகள் திறந்துவிடும். தமிழ்நாட்டிலோ வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பு சில ஆண்டுகளில் தள்ளிப்போகிறது: 2023ஆம் ஆண்டில் ஜூன் 12, 2024ஆம் ஆண்டில் ஜூன் 10. அத்தகைய ஆண்டில் ஜூன் முதல் வாரத்தின் வார நாட்கள் கொச்சிக்குப் போக நினைக்கும் கோவை, திருப்பூர்க் குடும்பங்களுக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பு. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரம் என்பதால் ஒரு மாலை நனைய வேண்டியிருக்கலாம். நீர்ச்சறுக்கில் நனைவதற்காகப் பணம் கட்டிப் போகிறவர்கள் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இடி மின்னலின்போது ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாவட்ட ஆட்சியர்கள் கோயில் திருவிழாக்களுக்காக அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையும் இவ்வகையில் பயன்படும். நம் மாவட்டத்துக்கு மட்டும் விடுமுறையாகவும் மற்ற ஊர்களுக்கு வேலை நாளாகவும் இருக்கும் ஒரு செவ்வாயோ வியாழனோ கிடைத்தால், பக்கத்து மாவட்டத்துப் பூங்காவில் வரிசையே இருக்காது. ஊர்த் தேரை விட்டுவிட்டு ராட்டினம் ஏறப் போவதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

பெரியவர்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, முதுகுவலி, மூட்டுவலி ஆகிய ஏதேனும் ஒன்று இருந்தாலே விரைவு ராட்டினங்களில் ஏறக் கூடாது என்று ஒவ்வொன்றின் அருகிலும் பலகை வைத்திருக்கிறார்கள். அது சரியான எச்சரிக்கையும்கூட. ஆனால் உள்ளே வரும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நுழைவுச்சீட்டு வாங்கியாக வேண்டும். கடைசியில் அவர்கள் நாள் முழுவதும் நிழலில் அமர்ந்து குடும்பத்தின் பைகளைக் காவல் காக்கிறார்கள். லாக்கருக்குக் கொடுக்கும் வாடகையைவிடப் பல மடங்கு செலவில் ஏற்பாடு செய்யப்பட்ட காவல் இது! மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் வைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு. ஆதார் அட்டையை எடுத்துச் சென்று, சீட்டு வாங்கும் முன்பே கேட்க வேண்டும். சலுகை இல்லாத இடமானால், முதியவர்களை அன்று உறவினர் வீட்டில் விட்டுச் செல்வதும், மறுநாள் எல்லோருமாக வேறோர் இடத்துக்குப் போவதும் அவர்களுக்கும் இதமாக இருக்கும். சென்னைக்கு வருபவர்களுக்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, மாமல்லபுரம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாட்களில் வண்டலூர் உயிரியல் பூங்காவும் திறந்திருக்கும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, பல பூங்காக்களில் குழந்தைக்கான கட்டணத்தை முடிவு செய்வது வயதல்ல, உயரம். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் தாயின் தோளைத் தொடும் உயரம் இருந்தால் பெரியவர் கட்டணம் கேட்பார்கள். அளவு பூங்காவுக்குப் பூங்கா மாறுவதால், வீட்டுச் சுவரில் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு முன்பதிவு செய்தால் வாசலில் வாக்குவாதம் நேராது. உயரக் குறைவு காரணமாகச் சில ராட்டினங்களில் ஏற்ற மாட்டார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலானவற்றில் ஏற முடியாத சிறு குழந்தையை அழைத்துக்கொண்டு தொலைதூரப் பூங்காவுக்குச் செல்வதைவிட, ஓரிரு ஆண்டு பொறுத்திருப்பது நல்லது. பொதுத்தேர்வு எழுதிய மாணவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டைக் காட்டினால் கட்டணத்தில் கழிவு, கல்லூரி மாணவர்களுக்கு அடையாள அட்டைக்குக் கழிவு என்று சில பூங்காக்கள் பருவத்துக்கேற்ப அறிவிக்கின்றன. தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

பயணச் செலவைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்; இங்கே முக்கியமானதை மட்டும் குறிப்பிடுகிறேன். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், பயண நாளுக்குச் சரியாக இரண்டு மாதம் முன்பே பூங்கா நாளையும் உறுதி செய்துவிட வேண்டும். ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது நிறைவடையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம். வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இரவு ரயிலில் சென்று இரவு ரயிலிலேயே திரும்பினால் விடுதிச் செலவு மிச்சமாகும். பெரிய நிலையங்களில் ரயில்வேயின் ஓய்வறைகள் இருக்கின்றன. குளித்து உடை மாற்றிக்கொள்ள அவை போதும். தங்கியே தீர வேண்டும் என்றால் பூங்காவை ஒட்டிய விடுதியைவிட நகரின் ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதி மலிவு. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் யாராவது ரசீது போட்டால் புதிய விகிதத்தில் திருத்தித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

சென்னைவாசிகளுக்கு இப்போது வெளியூர்ப் பயணமே தேவையில்லாமல் போயிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பழைய பூங்காக்களோடு, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா நிறுவனத்தின் பூங்காவும் திறக்கப்பட்டுவிட்டது. வாடகைக் காரில் போய்வர ஆகும் தொகையில் இன்னொருவருக்கு நுழைவுச்சீட்டே வாங்கிவிடலாம். திருப்போரூர் வரை மாநகரப் பேருந்து செல்கிறது; சாதாரணக் கட்டணப் பேருந்தானால் பெண்களுக்குக் கட்டணமே இல்லை; அங்கிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

இனி வாசலைத் தாண்டி உள்ளே வருவோம். நீர் விளையாட்டுகளில் பருத்தி ஆடை, புடவை, வேட்டி, ஜீன்ஸ் ஆகியவற்றை அனுமதிப்பதில்லை. நைலான், லைக்ரா போன்ற துணியாலான நீச்சல் உடை கட்டாயம். இது தெரியாமல் வருபவர்கள் உள்ளே இருக்கும் கடையில் சொன்ன விலைக்கு வாங்க நேர்கிறது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலோ, அவரவர் ஊர்க் கடைவீதியிலோ ஒரு வாரம் முன்பு நால்வருக்கும் வாங்கிவிட்டால், அந்த உடை இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும். துண்டு, மாற்றுடை, ஈரத்துணி வைக்கப் பிளாஸ்டிக் பை, கைப்பேசிக்கு நீர்புகா உறை ஆகிய ஒவ்வொன்றும் வீட்டிலிருந்து எடுத்துச் சென்றால் செலவே இல்லாதவை. உள்ளே வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. நால்வரின் பொருள்களும் ஒரே லாக்கரில் அடங்கும்படி எடுத்துச் செல்வது இன்னும் உத்தமம். லாக்கருக்குக் கட்டும் முன்பணத்தைத் திரும்பப் பெறாமலேயே பேருந்துக்கு ஓடுபவர்களும் இருக்கிறார்கள்.

உணவில்தான் குடும்பங்கள் திணறிப்போகின்றன. வெளி உணவுக்கு அனுமதியில்லை என்பது பெரும்பாலான பூங்காக்களின் விதி. ஒருமுறை வெளியே வந்தால் மீண்டும் உள்ளே விடுவதும் இல்லை என்பதால், வண்டியில் புளியோதரையை வைத்துவிட்டு மதியம் வந்து சாப்பிடலாம் என்ற திட்டம் பலிக்காது. போகும் வழியில் காலை உணவை வயிறார முடித்துக்கொள்வது, உள்ளே மதிய உணவை மட்டும் வாங்குவது, மாலைச் சிற்றுண்டியை வெளியே வந்தபின் வைத்துக்கொள்வது என்று திட்டமிட்டால் ஒரு வேளைச் செலவோடு முடிந்துவிடும். குழந்தைக்கான உணவையும் நோயாளிக்கான மருந்தையும் பொதுவாகத் தடுப்பதில்லை. தண்ணீருக்கு, வெறும் பாட்டிலை எடுத்துச் சென்று உள்ளே இருக்கும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். எங்கே இருக்கிறது என்று ஊழியரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அடைத்து விற்கப்படும் பாட்டில் தண்ணீரையும் பிஸ்கட்டையும் கடையில் விற்கும்போது அச்சிடப்பட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்குவது சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி குற்றம். ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஓர் அதிகபட்ச விலை அச்சிடும் வழக்கமும் 2018 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அமர வைத்துப் பரிமாறும் உணவகங்கள் கூடுதல் விலை வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், உணவகத்தில் வாங்குகிறோமா, கடையில் வாங்குகிறோமா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் கூடுதலாக வாங்கினால் ரசீதைப் பெற்றுக்கொண்டு, தொழிலாளர் துறையின் எடையளவு அலுவலரிடமோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம். திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தரவேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது திரையரங்குகளைப் பற்றிய வழக்கு என்றாலும், மூன்று மணி நேரம் குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்திருப்பவருக்கு உரியது, மே மாத வெயிலில் நாள் முழுவதும் திரிபவருக்கும் உரியதாக இருப்பதுதானே நியாயம்?

உள்ளே நுழைந்ததும் வாசலுக்கு அருகிலிருக்கும் ராட்டினத்திலேயே கூட்டம் மொய்க்கும். திறக்கும் நேரத்திலேயே சென்று, கடைக்கோடியில் இருக்கும் பெரிய ராட்டினங்களை முதல் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, எல்லோரும் உணவுக்குப் போகும் வேளையில் நீர்ச்சறுக்குகளுக்குச் சென்றால், விரைவு வரிசைச் சீட்டு இல்லாமலேயே நாள் நிறையும்.

மூன்று நான்கு ராட்டினங்களோடு மனம் நிறைந்துவிடும் பிள்ளைகளுக்கு முழுநாள் நுழைவுச்சீட்டே வீண். சென்னைத் தீவுத்திடலில் நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சியிலும், சித்திரைத் திருவிழாவையொட்டி மதுரையில் நடக்கும் அரசுப் பொருட்காட்சியிலும் சிறிய நுழைவுக் கட்டணம் போக, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். மிளகாய் பஜ்ஜியும் டெல்லி அப்பளமும் அங்கேதான் கிடைக்கும்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தானாகவே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதே என் குறை. பூங்கா நடத்துவோர் இலாபம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பான ராட்டினங்களைப் பராமரிக்கவும், நீரைச் சுத்திகரிக்கவும், பயிற்சி பெற்ற ஊழியர்களை அமர்த்தவும் பெரும் செலவாகும் என்பதை அறிவேன். அந்தச் செலவில் கை வைத்துக் கட்டணத்தைக் குறைக்கும்படி யாரும் கேட்கவும் மாட்டார்கள். வரி உட்பட நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், லாக்கர் வாடகையும் முன்பணமும், நீச்சல் உடையின் விலை அல்லது வாடகை, ஒரு சாதாரணச் சாப்பாட்டின் விலை, விரைவு வரிசைச் சீட்டின் விலை, அன்று இயங்காத ராட்டினங்கள் ஆகிய இவ்வளவையும் முன்பதிவுப் பக்கத்திலும் வாசல் பலகையிலும் தமிழில் எழுதி வைப்பதற்கு அவர்களுக்கு ஒரு ரூபாயும் அதிகமாகச் செலவாகப் போவதில்லை. பராமரிப்புக்காக நான்கு ராட்டினங்கள் நிறுத்தப்பட்டிருக்கும் நாளில் முழுக் கட்டணம் வாங்குவதற்கு முன் அதைச் சொல்லிவிடுவது குறைந்தபட்ச நேர்மை.

இதைக் கேட்கும் உரிமை அரசுக்கும் உண்டு. இள்ளலூர்ப் பூங்காத் திட்டம் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்ததற்கு உள்ளாட்சி அமைப்புகளின் கேளிக்கை வரி ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வரியிலிருந்து விலக்கு அளித்துத்தான் தமிழக அரசு அதற்கு வழி திறந்தது. முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் கருதிச் செய்த அந்த முடிவில் எனக்கு மாறுபாடு இல்லை. பொதுமக்களுக்குச் சேர வேண்டிய வரியை விட்டுக்கொடுக்கும்போது, பொதுமக்களுக்கு விலையை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்ற ஒரு நிபந்தனையையும் சேர்ப்பது சுற்றுலாத் துறைக்கு அரிய செயல் அல்ல. புதிதாக விலக்கு கேட்டு வரும் பூங்காக்களுக்காவது இதை விதிக்கலாம்.

அதுவரை தங்கள் நாளிதழே இப்பணியில் இறங்கலாம். அரையாண்டு விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னதாக, தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும் உள்ள பெரிய பூங்காக்களுக்கு மேற்கண்ட கேள்விகளை எழுத்து மூலம் அனுப்பி, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு வார நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆகக்கூடிய முழுநாள் செலவைப் பட்டியலாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். விடை அனுப்பாத பூங்காக்களின் பெயர்களையும் அப்பட்டியலின் கீழே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.